பென்டிரைவ் செருக வழியில்லாத இயந்திரத்தில் லினக்ஸ் ஏறுவது எப்படி?

மடிக்கணினியில் உபுண்டு போட்டுப் பழகியவருக்கு லினக்ஸ் நிறுவுவது அரை மணி நேர வேலை. பென்டிரைவைச் செருகி, கணினியை மறுபடி தொடங்கி, நாலு கேள்விக்குப் பதில் சொன்னால் முடிந்தது. அதே ஆள் கோலாலம்பூரில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் சேர்ந்து, மெயின்ஃபிரேம் என்ற பெருங்கணினியில் லினக்ஸ் போடும் வேலை கைக்கு வரும்போது முதல் நாளே திகைத்துப் போவார். இயந்திரம் சைபர்ஜெயாவில் ஏதோ ஒரு தரவு மையத்தில் பூட்டிய கூண்டுக்குள் இருக்கிறது. அவருக்கு அங்கே போக அனுமதியில்லை. போனாலும், அவருடைய லினக்ஸுக்கென்று தனியாகத் திரையோ விசைப்பலகையோ பென்டிரைவ் துளையோ கிடையாது. “நெட்வொர்க் வழியாகப் போட்டுவிடு” என்கிறார்கள். சரி, நெட்வொர்க் வேலை செய்ய லினக்ஸ் ஓட வேண்டும். லினக்ஸ் ஓட, அது நெட்வொர்க் வழியாக வந்து சேர வேண்டும். எது முதலில்?

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், ‘நெட்வொர்க்’ என்ற ஒரே சொல்லால் இங்கே இரண்டு வேறு நெட்வொர்க்குகளைக் குறிப்பிடுவதுதான். அதற்கு வருவதற்கு முன் இயந்திரத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம்.

மெயின்ஃபிரேமில் லினக்ஸ் எதற்கு?

ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம்/360 என்ற மெயின்ஃபிரேம் வரிசையை 1964 ஏப்ரல் 7 அன்று அறிவித்தது. இன்றைய இஸட் வரிசை அதன் நேர் வாரிசு. வங்கிக் கணக்கு, கடன் அட்டை, விமானப் பயணச்சீட்டு என்று ஒரு நொடி நின்றாலும் ஊர் கூச்சலிடும் வேலைகளை இந்த இயந்திரங்கள் செய்கின்றன. 1999 டிசம்பரில் ஐபிஎம் தன் ஜெர்மானிய ஆய்வகத்தில் எழுதிய லினக்ஸ் நிரல் மாற்றங்களை வெளியிட்டது. அடுத்த ஆண்டே சூசே நிறுவனம் மெயின்ஃபிரேமுக்கான வணிகப் பதிப்பைக் கொண்டுவந்தது. பிறகு ரெட் ஹேட், டெபியன் வந்தன. உபுண்டு 2016-இல் 16.04 பதிப்போடு சேர்ந்தது.

காரணம் பெரும்பாலும் பணம். 2000-இல் ஐபிஎம், ‘ஐஎஃப்எல்’ என்ற பெயரில் லினக்ஸுக்கு மட்டுமான செயலிகளை விற்கத் தொடங்கியது. இந்தச் செயலியில் வங்கியின் முதன்மை இயங்குதளமான இஸட்-ஓஎஸ் ஓடாது. அதனால் அந்த மென்பொருளுக்கான உரிமக் கட்டணக் கணக்கிலும் இது சேராது. ஏற்கெனவே வாங்கிய இரும்புக்குள், தரவுக்குப் பக்கத்திலேயே, குறைந்த செலவில் லினக்ஸ் சர்வர்களை வைத்துக்கொள்ளலாம்.

உள்ளே ஓடுவது அதே லினக்ஸ்தான். செயலியின் மொழிதான் வேறு. ஆகவே பதிவிறக்க வேண்டிய பதிப்பின் பெயர் ‘எஸ்390எக்ஸ்’. இன்டெல் செயலிக்கான ஐஎஸ்ஓ (நிறுவலுக்கான பெரிய கோப்பு) இங்கே உதவாது. பதிப்புக்கு ஏற்ற இயந்திர வயதும் உண்டு: ரெட் ஹேட் 9 ஏற வேண்டுமானால் குறைந்தது 2017-இல் வந்த இஸட்14 வேண்டும்.

கொண்டோவை நினைத்துக்கொள்ளுங்கள்

மெயின்ஃபிரேமை ஒரு பெரிய கொண்டோமினியமாக வைத்துக்கொள்வோம். முழுக் கட்டடத்தையும் யாரும் ஒருவராக எடுத்துக்கொள்வதில்லை. வன்பொருளே அதைப் பல பகுதிகளாகப் பிரித்துவிடும். ஒவ்வொரு பகுதிக்கும் ‘எல்பார்’ என்று பெயர். 2015-இல் வந்த இஸட்13 இயந்திரத்திலேயே 85 எல்பார் வரை பிரிக்கலாம். ஓர் எல்பாரை அப்படியே லினக்ஸுக்குக் கொடுக்கலாம். அல்லது அதில் இஸட்-விஎம் என்ற மென்பொருளை ஓட்டி, அறை அறையாகப் பிரித்து, அறைக்கு ஒரு லினக்ஸ் வீதம் குடியேற்றலாம். இந்தக் குடித்தனக்காரரை ‘கெஸ்ட்’ என்பார்கள்.

கட்டடத்துக்கு ஒரு நிர்வாக அலுவலகம் உண்டல்லவா? அதுதான் எச்எம்சி. இயந்திரத்தை நிர்வகிக்கும் தனிக் கணினி அது. எல்பாரை எழுப்புவது, நிறுத்துவது, அதன் செய்திகளைக் காட்டுவது எல்லாம் அங்கிருந்துதான். குடியிருப்போர் போகவரும் வாசல் வேறு. அது ‘ஓஎஸ்ஏ’ என்ற நெட்வொர்க் அட்டை.

கோலாலம்பூரில் கொண்டோவுக்குப் பெரிய அலமாரி வாங்கி ஏற்றியவர்களுக்குத் தெரியும்: அலமாரியைத் தூக்குவது சுலபம். நிர்வாக அலுவலகத்தில் படிவம், முன்பணம், சரக்கு மின்தூக்கிக்கு நேரம் குறிப்பது, காவலரிடம் லாரி எண் கொடுப்பது, இவைதான் வேலை. மெயின்ஃபிரேம் நிறுவலும் அப்படியே.

இரண்டு நெட்வொர்க்குகள், இரண்டு கட்டங்கள்

முதல் கட்டத்தில் வருவது மூன்றே பொருள்கள்: கெர்னல் (லினக்ஸின் மையக் கரு), தொடக்க நேரத்துக்கான சிறு கோப்பு முறைமை (இனிட்-ஆர்டி), அளவுருக்கள் எழுதிய ஒரு சிறிய உரைக் கோப்பு. கடைசியானதை ‘பார்ம் கோப்பு’ என்பார்கள். லினக்ஸ் இன்னும் பிறக்காத நேரத்தில் வருவதால் இந்த மூன்றையும் வேறு யாராவது தூக்கி வந்து நினைவகத்தில் வைக்க வேண்டும். எல்பாராக இருந்தால் எச்எம்சி வைக்கும். அது தன் சொந்த நெட்வொர்க் வழியாக கோப்புகளைக் கொடுக்கும் ஓர் எஃப்டிபி சர்வரைத் தொட்டு, எந்தக் கோப்பு எந்த நினைவக முகவரியில் அமர வேண்டும் என்று சொல்லும் ஒரு பட்டியல் கோப்பைப் படித்து, அதன்படி ஏற்றிவிடும். இஸட்-விஎம் கெஸ்டாக இருந்தால் இஸட்-விஎம் வைக்கும்.

இரண்டாம் கட்டத்தில், நினைவகத்தில் எழுந்த அந்தக் குட்டி லினக்ஸ், ஓஎஸ்ஏ வாசல் வழியாகத் தானே வெளியே போய், நிறுவு நிரலையும் ஆயிரக்கணக்கான தொகுப்புகளையும் எச்டிடிபி, எஃப்டிபி அல்லது என்எஃப்எஸ் சர்வரிலிருந்து எடுத்து வரும்.

ஆக, முதல் கட்டத்தின் நெட்வொர்க் நிர்வாக அலுவலகத்துடையது. இரண்டாம் கட்டத்துடையது குடித்தனக்காரருடையது. பெரும்பாலான தரவு மையங்களில் இவை இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே முடியாதபடி ஃபயர்வாலால் பிரிக்கப்பட்டிருக்கும். “எச்எம்சியிலிருந்து சர்வர் தெரிகிறது, லினக்ஸிலிருந்து தெரியவில்லை” என்று மண்டையை உடைத்துக்கொள்வோர் பெரும்பாலும் இங்கேதான் இடறுகிறார்கள். ஒரே சர்வரைப் பயன்படுத்துவதாக இருந்தால் இரண்டு பக்கமும் அதற்கு வழி திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு சர்வர் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். தொகுப்புகளை இணையத்திலிருந்து நேராக எடுக்கலாமே என்று கேட்டால், வங்கியின் மெயின்ஃபிரேமுக்கு இணையம் திறந்துவிடுவார் யாரும் இல்லை. ஐஎஸ்ஓவை உள்ளே ஒரு சாதாரண லினக்ஸ் சர்வரில் விரித்து வைத்து, வலை சர்வர் ஒன்றை ஓட்டினால் போதும்.

படிப்படியாக

இஸட்-விஎம் கெஸ்டில் நடப்பது இது:

1. இஸட்-விஎம் நிர்வாகி ஒரு கெஸ்டை உருவாக்குகிறார்: பெயர், கடவுச்சொல், நினைவக அளவு, வட்டுகள், மெய்நிகர் நெட்வொர்க் அட்டை.
2. 3270 முனையத் திரையில் (அந்தப் பழைய பச்சை எழுத்துத் திரைதான், இன்று கணினிச் சன்னலுக்குள் ஓடுகிறது) அந்தப் பெயரில் நுழைகிறோம்.
3. மூன்று கோப்புகளையும் எஃப்டிபி வழியாகக் கெஸ்டின் சிறு வட்டுக்குக் கொண்டுவருகிறோம்.
4. ரெக்ஸ் மொழியில் எழுதிய குட்டி நிரல் ஒன்று அவற்றை வரிசையாக, கெர்னல், பார்ம் கோப்பு, இனிட்-ஆர்டி என்று, மெய்நிகர் அட்டை வாசிப்பானில் அடுக்குகிறது.
5. அந்த வாசிப்பானிலிருந்து ஐபிஎல் செய்கிறோம்.
6. குட்டி லினக்ஸ் எழுந்து, பார்ம் கோப்பில் உள்ளபடி நெட்வொர்க்கை இயக்கி, நிறுவு நிரலைக் கொண்டுவருகிறது.
7. நம் மேசைக் கணினியிலிருந்து எஸ்எஸ்எச் அல்லது விஎன்சி மூலம் உள்ளே போய் மீதியை முடிக்கிறோம்.

ஐபிஎல் என்றதும் கிரிக்கெட் நினைவுக்கு வருவது இயல்பு. இது அதற்கு 40 ஆண்டுக்கும் மேல் மூத்தது. ‘தொடக்க நிரல் ஏற்றம்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம். மற்ற கணினிகளில் ‘பூட்’ என்பதை இங்கே ஐபிஎல் என்பார்கள்.

ஏழாம் படி ஏன்? நிறுவலின்போது லினக்ஸ் 3270 திரையிலும் எச்எம்சியின் செய்திச் சன்னலிலும் வரி வரியாக மட்டுமே எழுதும். அம்புக்குறியால் நகர்ந்து தேர்ந்தெடுக்கும் மெனுவை அப்படி வரைய முடியாது. அதனால்தான் நிறுவு நிரல் நெட்வொர்க் கிடைத்த கையோடு “இந்த முகவரிக்கு வா” என்று ஒரு வரி எழுதிவிட்டுக் காத்திருக்கிறது. அந்த வரி வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. அதற்குப் பின் வருவதெல்லாம் மடிக்கணினியில் பார்த்த அதே திரைகள்.

80 என்ற எண்

அட்டை வாசிப்பான் என்றால் உண்மையிலேயே துளை அட்டையா? வாசிப்பான் கற்பனை, விதிகள் உண்மை. அந்தக் காலத்தில் தரவைத் துளைகளாகக் குத்தி வைத்த காகித அட்டையில் 80 பத்திகள். ஆகவே வாசிப்பானுக்குள் போகும் ஒவ்வொரு பதிவும் 80 பைட் நீளம் இருக்க வேண்டும். இன்றைய கெர்னலையும் இனிட்-ஆர்டியையும் இதற்காக 80 பைட் துண்டுகளாக நறுக்கி, அட்டைக்கட்டு போல் அடுக்குகிறார்கள். எஃப்டிபி செய்யும்போது ‘நிலையான 80’ என்ற அமைப்பைச் சொல்ல மறந்தால் ஐபிஎல் பாதியில் விழும். பிழைச் செய்தியும் ஒன்றும் புரியும்படி இருக்காது.

இதைவிட நுட்பமான பொறி எழுத்துக் குறியீடு. இஸட்-விஎம் உலகம் எப்சிடிக் என்ற குறியீட்டில் எழுதுகிறது. நாம் பழகியது ஆஸ்கி. ஆஸ்கியில் பெரிய எழுத்து ‘ஏ’யின் எண் 65, எப்சிடிக்கில் 193. எஃப்டிபியில் ‘உரை’ முறையைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு பைட்டும் இப்படி மாற்றப்படும். பார்ம் கோப்புக்கு அதுதான் வேண்டும், ஏனென்றால் அது உரை. கெர்னலுக்கும் இனிட்-ஆர்டிக்கும் அப்படி நடந்தால் அவை குப்பை. அவற்றை ‘பைனரி’ முறையில்தான் அனுப்ப வேண்டும். மூன்று கோப்பு, இரண்டு முறை, ஒரே எஃப்டிபி அமர்வு. இதை மாற்றிச் செய்யாத புதியவரைக் காண்பது அரிது. லினக்ஸ் எழுந்தபின் அதற்குள் எல்லாமே ஆஸ்கிதான், எப்சிடிக் தொல்லை வாசலோடு நின்றுவிடும்.

எல்பாரில் நேராக நிறுவுபவருக்கு இந்த அட்டைக் கதை கிடையாது. எச்எம்சியே கோப்புகளை அப்படியே எடுத்துக்கொள்கிறது.

பார்ம் கோப்பு: உண்மையான வேலை இங்கேதான்

மடிக்கணினியில் லினக்ஸ் எழும்போது என்னென்ன கருவி இருக்கிறது என்று தானே தேடிக் கண்டுபிடிக்கும். மெயின்ஃபிரேமில் நாம் சொல்ல வேண்டும். சொல்லும் இடம் பார்ம் கோப்பு. நெடுங்காலம் கெர்னலுக்கான அந்த வரி 896 பைட்டுக்குள் அடங்க வேண்டியிருந்தது. எழுதுபவர்கள் தந்தி அடிப்பதுபோல் சுருக்கி எழுதப் பழகியது அதனால்தான்.

நெட்வொர்க் அட்டைக்கு ஒரு எண் போதாது, மூன்று வேண்டும். ஓஎஸ்ஏ வழியே படிக்க ஒன்று, எழுத ஒன்று, தரவுக்கு ஒன்று. வழக்கமாக 0600, 0601, 0602 போல அடுத்தடுத்து வரும். லினக்ஸில் இவற்றை 0.0.0600 என்ற வடிவில் எழுத வேண்டும். இந்த எண்களை ஊகிக்க முடியாது. இஸட்-விஎம் நிர்வாகி எந்த எண்ணில் அட்டையை வைத்தாரோ அதுதான்.

அடுத்தது ‘லேயர் 2’ அல்லது ‘லேயர் 3’. லேயர் 2 என்றால் கெஸ்டுக்குத் தனி மேக் முகவரி (அட்டையின் வன்பொருள் முகவரி) இருக்கும், சாதாரண ஈதர்நெட் அட்டை போல. லேயர் 3 என்றால் ஐபி முகவரி மட்டுமே லினக்ஸின் பொறுப்பு, கீழே உள்ளதை ஓஎஸ்ஏ பார்த்துக்கொள்ளும். இஸட்-விஎம்மின் மெய்நிகர் ஸ்விட்ச் ஒருவகையில் அமைந்திருக்க, பார்ம் கோப்பில் மற்றொன்றை எழுதிவிட்டால் அட்டை எழும், முகவரி ஏறும், ஆனால் பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகாது. எல்லாம் சரியாகத் தெரிந்து எதுவும் வேலை செய்யாத நிலை. அதே போல, அந்த ஸ்விட்சைப் பயன்படுத்தக் கெஸ்டுக்கு நிர்வாகி அனுமதி கொடுக்காமல் விட்டாலும் நெட்வொர்க் இருக்காது. இரண்டு இடத்திலும் லினக்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஐபி முகவரி, நெட்மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ், விலேன் எண் ஆகியவை நெட்வொர்க் குழுவிடமிருந்து. வட்டு எண்கள் இஸட்-விஎம் நிர்வாகியிடமிருந்து, அல்லது சேமிப்புக் குழுவிடமிருந்து. ஃபயர்வால் வேறொருவரிடம். நான்கு துறைகளில் நான்கு படிவம். தட்டச்சு செய்யும் நேரம் பத்து நிமிடம், இந்த எண்கள் வந்து சேரும் நேரம் இரண்டு வாரம் என்று யாராவது சொன்னால் நம்பலாம். இந்த எண்கள் எல்லாம் ஒரே தாளில் எழுதி முடிக்கும் வரை முனையத்தைத் திறக்கவே கூடாது என்பது என் கட்சி.

வட்டில் கை வைக்கும்போது

மெயின்ஃபிரேம் வட்டுகளில் இரண்டு வகை. ஒன்று நாம் அறிந்த ஸ்கசி வகை. அதைத் தொட மூன்று விவரம் வேண்டும்: கருவி எண், சேமிப்புப் பெட்டியின் போர்ட் பெயர், வட்டின் லுன் எண். மற்றொன்று ‘டாஸ்டி’ என்ற மரபு வகை. இதன் அளவை இன்னும் 3390 என்ற பழைய வட்டு மாதிரியைக் கொண்டே சொல்கிறார்கள். 3390-இன் மாதிரி 3 என்றால் 3,339 சிலிண்டர் (வட்டின் இடத்தை அளக்கும் அலகு). லினக்ஸுக்காக 4,096 பைட் தொகுதிகளாக வடிவமைத்தால் கிடைப்பது சுமார் 2.46 ஜிபி. மாதிரி 9-இல் 10,017 சிலிண்டர், சுமார் 7.4 ஜிபி. கைப்பேசி விளையாட்டு ஒன்றே இதைவிடப் பெரிதாக இருக்கிறது. ஆகவே பல வட்டுகளைச் சேர்த்து ஒன்றாகக் கட்டுவது இங்கே அன்றாட வழக்கம். ஒரு டாஸ்டி வட்டில் அதிகபட்சம் மூன்று பகிர்வுகளே அமைக்கலாம் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் எடுக்க வேண்டும்.

டாஸ்டியை முதலில் அடிமட்ட அளவில் வடிவமைக்க (ஃபார்மட் செய்ய) வேண்டும். ஆபத்து இங்கே இருக்கிறது. இஸட்-விஎம் கெஸ்டுக்குத் தன் வட்டுகள் மட்டுமே தெரியும். எல்பாரில் நேராக ஓடும் லினக்ஸுக்கோ, அந்த எல்பாருக்கு ஒதுக்கிய கருவிகள் எல்லாமே தெரியலாம், சில சமயம் ஆயிரக்கணக்கில். பக்கத்து எல்பாரில் ஓடும் இஸட்-ஓஎஸ்ஸின் வட்டுகளும் அதில் இருக்கலாம். எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் வடிவமைக்கப்படுவது வங்கியின் வட்டு.

இதற்கு ஒரு தடுப்பு உண்டு. எல்லாக் கருவியையும் கண்டுகொள்ளாதே, நான் பெயர் சொன்னதை மட்டும் பார் என்று கெர்னலுக்கே சொல்லலாம். ரெட் ஹேட்டின் மாதிரிப் பார்ம் கோப்பில் இந்தக் கட்டளை ஏற்கெனவே இருக்கும். வட்டு தெரியவில்லையே என்று எரிச்சலில் அதை நீக்குபவர்கள் உண்டு. தேவையான வட்டின் எண்ணைப் பட்டியலில் சேர்ப்பதே வழி, தடுப்பை எடுப்பது அல்ல.

பேங்க் நெகாரா எங்கே வருகிறது?

மலேசிய நிதி நிறுவனங்களுக்கு, நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வகுத்த, ஆர்எம்ஐடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் தொழில்நுட்ப இடர் மேலாண்மைக் கொள்கை 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. அதில் இரண்டு அம்சங்கள் நம் விஷயத்தைத் தொடுகின்றன.

முதலாவது, காலாவதியான மென்பொருளில் முக்கிய அமைப்புகள் ஓடக்கூடாது. ரெட் ஹேட் 7-இன் வழக்கமான பராமரிப்பு 2024 ஜூன் 30-இல் முடிந்தது. அதில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் புதிய பதிப்புக்குப் போயே ஆக வேண்டும். ஒருமுறை நிறுவிவிட்டு மறந்துவிடும் வேலையாக இது இல்லாமல் போனதற்கு இப்படிப்பட்ட காலக்கெடுக்களே காரணம்.

இரண்டாவது, வாடிக்கையாளரைப் பாதிக்கும் திட்டமிடாத முடக்கம், எந்த 12 மாதத்தை எடுத்தாலும் மொத்தம் 4 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. ஒரு சம்பவத்துக்கு 120 நிமிடம். ஒரு லினக்ஸ் கெஸ்ட் சிதைந்துவிட்டது, மேலே சொன்ன ஏழு படிகளையும் முதலிலிருந்து கையால் செய்வேன் என்றால் அந்த 120 நிமிடம் எஃப்டிபி சண்டையிலேயே கரைந்துவிடும். ஆகவே நெட்வொர்க் நிறுவலை ஒரே ஒரு முறை சரியாகச் செய்து, அந்த வட்டுகளைத் தங்கப் பிரதியாக வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது நகல் எடுக்கிறார்கள். இஸட்-விஎம்மின் பலமே இந்த நகலெடுப்பு. லினக்ஸ் இங்கே வந்த புதிதிலேயே ஒரு சோதனையில் ஒரே இயந்திரத்தில் 41,400 லினக்ஸ்களை எழுப்பிக் காட்டினார்கள். அத்தனையும் அட்டை வாசிப்பான் வழியாகக் கையால் வந்திருக்க முடியாது. மற்றொரு வழி, கேள்விகளுக்கெல்லாம் பதிலை முன்பே எழுதிவைத்த கோப்பு. ரெட் ஹேட்டில் கிக்ஸ்டார்ட், சூசேயில் பதிப்பு 15 வரை ஆட்டோயாஸ்ட்.

பாதுகாப்புப் பக்கமும் ஒரு சொல். சாதாரண எஃப்டிபியும் விஎன்சியும் திறந்த அஞ்சலட்டை மாதிரி, வழியில் இருப்பவர் படிக்கலாம். பார்ம் கோப்பில் எழுதிய தற்காலிகக் கடவுச்சொல் வட்டில் அப்படியே கிடக்கும். நிறுவி முடித்ததும் அதை மாற்றாமல் விடுவது தணிக்கையாளருக்கு நாமே விருந்து வைப்பது.

முடிந்த பின் நடக்கும் இரண்டு வேடிக்கைகள்

நிறுவு நிரல் வேலையை முடித்து, ‘சிப்பிள்’ என்ற ஏற்றி நிரலை வட்டில் எழுதிவிடும். இனி ஐபிஎல் அந்த வட்டிலிருந்து நடக்க வேண்டும். ஆனால் வாசிப்பானில் அடுக்கிய அட்டைகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன, ஏனென்றால் ‘வைத்திரு’ என்று நாம்தான் சொல்லியிருந்தோம். அடுத்த நாள் யாராவது பழக்க தோஷத்தில் 00சி என்ற வாசிப்பான் எண்ணிலிருந்தே ஐபிஎல் செய்தால், நிறுவல் திரை மறுபடியும் முதலிலிருந்து வந்து நிற்கும். போட்ட லினக்ஸ் காணாமல் போய்விட்டதே என்று பதற வேண்டாம், வட்டில் பத்திரமாக இருக்கிறது. அட்டைகளைத் துடைத்துவிட்டு, கெஸ்ட் எழும்போது தானே ஓடும் தொடக்கக் கோப்பில் வட்டின் எண்ணை எழுதிவிட்டால் சரி.

அப்புறம், வீட்டுக்குக் கிளம்பும் நேரம். 3270 திரையை மூடுமுன் ‘லாக்ஆஃப்’ என்று அடிப்பது எல்லோருக்கும் கைப்பழக்கம். இஸட்-விஎம்மில் அதற்கு, கெஸ்டின் மின்சாரத்தைப் பிடுங்குவது என்று பொருள். ஓடிக்கொண்டிருந்த லினக்ஸ் அந்த நொடியே போய்விடும். அடிக்க வேண்டியது ‘டிஸ்கனெக்ட்’. திரை மட்டும் விலகும், லினக்ஸ் ஓடிக்கொண்டே இருக்கும்.